மாட்டுக் கணக்கும் கணிப்பொறியும்

கறவை மாடு வளர்க்கும் நம் அங்கத்தினர் ஒருவரிடம், "உங்கள் மாடு எப்பொழுது கன்று ஈன்றது?" என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். "பொங்கலுக்கு முந்தின வாரம்" என்பார். அல்லது "அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள்" என்பார். "கடைசியாகச் சினை ஊசி போட்டது என்றைக்கு?" என்று கேட்டால் சற்று யோசிப்பார். "அதற்கு முன் எத்தனை ஊசி வீணாயிற்று? சென்ற ஈற்றில் மொத்தம் எத்தனை லிட்டர் கறந்தது?" என்று மேலும் கேட்டால், வீட்டினுள் திரும்பி மனைவியையோ தாயையோ அழைப்பார். அவர்களுக்குத் தெரிந்ததும் ஓரளவே. எழுதி வைத்தவர் எவரும் இரார்.

நூல் கணக்கையும் கூலிக் கணக்கையும் பைசா பிசகாமல் வைத்திருக்கும் குடும்பங்களிலும் மாட்டுக் கணக்கு என்பது பெரும்பாலும் மனக்கணக்காகவே இருந்து வருகிறது. அந்தக் கணக்கை இன்று கணிப்பொறியில் ஏற்றி வருகிறார்கள். மாட்டின் காதில் மஞ்சள் வில்லை மாட்டுவதும், கைப்பேசியில் எண்ணைத் தட்டுவதும் நாம் அனைவரும் கண்டவை. ஆயினும் அது எதற்காக, அதனால் மாடு வைத்திருப்பவருக்கு என்ன பயன் என்பதை விளங்கிக்கொண்டவர் சிலரே. "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?" என்று கேட்போரும் நம்மிடையே உண்டு. அக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மறதியின் விலை

முதலில் செலவைப் பார்ப்போம். சினையில்லாத பசு ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்திற்கு வருகிறது. அப்பருவம் நிலைப்பதோ பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரமே. மாடு கத்துதல், தீனி குறைதல், மற்ற மாடுகளின் மேல் தாவுதல், கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். பல மாடுகளில் இவை இரவிலேயே தோன்றி மறையும். எருமைகளிலோ வெளிப்படையான அடையாளம் இன்னும் குறைவு. ஊமைப் பருவம் என்று அதனைச் சொல்லுவர். காலையில் பருவம் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது நன்று. அந்த வேளை தவறினால் மீண்டும் 21 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

அந்த 21 நாட்களும் மாடு தின்னாமல் இருப்பதில்லை. வைக்கோல், தவிடு, பிண்ணாக்கு எல்லாம் சேர்த்து ஒரு மாட்டிற்கு நாளொன்றுக்கு 150 ரூபாய் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். தவறிய பருவம் ஒன்றுக்கு 3,150 ரூபாய் ஆகிறது. மூன்று பருவங்கள் தவறினால் 9,450 ரூபாய். அதனுடன் அடுத்த கன்றும், அடுத்த ஈற்றின் பாலும் 63 நாட்கள் தள்ளிப்போகின்றன. இந்த நஷ்டம் எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. ஆகவே எவர் கண்ணிலும் படுவதில்லை. ஈன்ற இரண்டு மூன்று மாதங்களுக்குள் மாடு மறுபடியும் சினை பிடித்து, 12 அல்லது 13 மாதங்களுக்கு ஒரு கன்று ஈனுமானால் கறவைத் தொழில் கட்டுப்படியாகும். அந்த இடைவெளி 18 மாதமாக நீண்டால், எத்தனை நல்ல ஜாதி மாடானாலும் வீட்டிற்குப் பாரமே.

ஆகவே கறவைத் தொழிலின் ஆதாரம் தேதிகளை அறிந்திருப்பதில் இருக்கிறது. தேதியை நினைவில் வைப்பதும் நினைவூட்டுவதுமே கணிப்பொறியின் முதல் வேலை.

தறியிலிருந்து தொழுவம் வரை

நெசவாளத் தோழர்கள் இந்த யந்திரத்தை அந்நியமாகக் கருத வேண்டியதில்லை. ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைகளைக் கோத்து, எந்தப் பாவு நூல் மேலெழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்று கட்டளையிடுகிறோம் அல்லவா? 1804-ஆம் ஆண்டையொட்டிப் பிரான்ஸ் தேசத்தில் அந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் ஜக்கார்டு. துளை இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறொரு பொருள் என்னும் அதே முறையில் 1890-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கை ஹோலரித் என்பவர் அட்டைகளில் பதிந்து யந்திரத்தால் கூட்டினார். பிற்காலத்துக் கணிப்பொறிகளுக்கும் இத்தகைய அட்டைகளே நெடுங்காலம் உணவாக இருந்தன. 1950-களில் அமெரிக்காவில் பசுக்களின் பால் கணக்கும் அவ்வட்டைகளில் ஏறியது.

பால் கணக்கு எழுதும் வழக்கமோ கணிப்பொறிக்கும் முந்தியது; அதனைப் பரப்பியவர்களும் கூட்டுறவாளர்களே. டென்மார்க் தேசத்து விவசாயிகள் 1882-இல் தங்கள் முதல் கூட்டுறவு வெண்ணெய் ஆலையைத் தொடங்கினார்கள். 1895-இல் அதே நாட்டில் வேயன் என்னும் ஊரில் முதல் பால் கணக்குச் சங்கம் ஏற்பட்டது. சங்கம் அமர்த்திய ஆள் ஒவ்வொரு பண்ணைக்கும் சென்று, ஒவ்வொரு பசுவின் பாலையும் தனித்தனியே அளந்து, கொழுப்பைச் சோதித்து, தின்ற தீனியையும் குறித்து வைத்தார். எந்தப் பசு தின்றதற்கு ஏற்பக் கறக்கிறது, எது தின்று மட்டும் நிற்கிறது என்பது அப்பொழுதுதான் தெளிவாயிற்று.

பின்னர் யந்திரங்கள் கண்ணுக்கும் துணை வந்தன. இஸ்ரேலில் அபிகிம் என்னும் கூட்டுப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் 1970-களின் இறுதியிலிருந்து மின்னணுப் பால் அளவியையும், மாட்டின் காலில் கட்டும் நடை அளவியையும் உருவாக்கினார்கள். பருவத்திற்கு வந்த மாடு நிலைகொள்ளாமல் வழக்கத்திற்கு மேல் நடக்கும். நடை கூடியதைக் கண்டு கணிப்பொறி எச்சரிக்கும். நூற்றுக்கணக்கான மாடுகளை ஒரே கொட்டிலில் வைத்திருப்பவர்களுக்கு அது அவசியம். இரண்டு மாடு வைத்திருக்கும் நம் வீட்டில் அந்த வேலையைச் செய்ய ஒரு ஜோடிக் கண்கள் போதும். நமக்குத் தேவையானது வேறு.

காது வில்லை சொல்லும் சேதி

நமது நாட்டில் மாடுகள் பெரும் பண்ணைகளில் இல்லை. வீட்டிற்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று சிதறிக் கிடக்கின்றன. 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 95 லட்சம் மாட்டினங்கள் இருந்தன. இத்தகைய நாட்டில் ஒவ்வொரு மாட்டிற்கும் அடையாளம் வைக்காமல் கணக்கு எழுத இயலாது.

1965-இல் குஜராத்தின் ஆனந்த் நகரில் நிறுவப்பட்ட தேசியப் பால்வள வாரியம் இதற்காக 'இனாப்' என்னும் மென்பொருளை அமைத்தது. மென்பொருள் என்பது யந்திரத்திற்கு நாம் இடும் கட்டளைத் தொகுதி. தறிக்கு அட்டைக் கோவை எப்படியோ அப்படி. 2012 முதல் 2019 வரை நடைபெற்ற தேசியப் பால்வளத் திட்டத்தின் முதற்கட்டத்தில் இம்மென்பொருள் பல மாநிலங்களில் பயன்பட்டது. அண்மை ஆண்டுகளில் மத்திய அரசின் 'பாரத் பசுதன்' என்னும் ஏற்பாடு அதன் இடத்தைப் பெற்று, அதே பணியை விரிவாகச் செய்து வருகிறது.

காதில் மாட்டும் வில்லையில் 12 இலக்க எண் உண்டு. அது ஒரு மாட்டிற்கே உரியது. நாட்டில் வேறெந்த மாட்டிற்கும் அவ்வெண் இராது. அந்த எண்ணுடன் மாட்டின் இனம், வயது, ஈற்று, உடையவரின் பெயர், ஊர், தொலைபேசி எண் ஆகியவை பதிவாகின்றன. பிறகு போடப்படும் சினை ஊசி, சினைப் பரிசோதனை, கன்று ஈன்ற தேதி, தடுப்பூசி, வைத்தியம் ஆகிய ஒவ்வொன்றும் அதே எண்ணின் கீழ் சேர்கின்றன. மாடு சந்தையில் கைமாறினாலும் அதன் வரலாறு வில்லையோடு போகிறது.

நோய்த் தடுப்பில் இதன் பயன் பெரிது. 2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி கோமாரி நோய்க்கு ஆறு மாதத்திற்கு ஒரு முறையும், கன்று வீச்சு நோயாகிய புருசெல்லோசிஸுக்கு 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒரு முறையும் ஊசி போடப்படுகிறது. ஊரில் எந்தக் கன்று அந்த வயதை எட்டியிருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டுத் திரிவதற்குப் பதில், பதிவேட்டைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். பதிவேடு சரியாக இருந்தால்.

இனம் என்னும் கட்டத்தையும் அலட்சியம் செய்யலாகாது. மதுரைச் சீமைக்கே உரிய புளிக்குளம் மாடுகள் வயல்களில் கிடை போட்டு வளர்க்கப்படுபவை. கிடைக்காரர் தம் மாட்டைக் கொம்பையும் நிறத்தையும் கொண்டே இனங்காண்பார். யந்திரம் அவ்வாறு காணாது. 'நாட்டு மாடு' என்று பொதுவாக எழுதிவிட்டால் அந்த மாடு புளிக்குளம் இனத்தின் கணக்கில் சேராமலே போய்விடும். ஆகவே உடையவர் இனத்தின் பெயரைச் சொல்லிப் பதியச் செய்வது கடமையாகும்.

ஒரு தேதியிலிருந்து பல தேதிகள்

மென்பொருள் எவ்வாறு கணக்கிடுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் கலப்பின ஜெர்சிப் பசு ஒன்று மார்ச் 1-ஆம் தேதி காலை பருவத்திற்கு வந்து, அன்று மாலை ஊசி போடப்பட்டதாகக் கொள்வோம். இந்த ஒரு தேதியை ஏற்றினால் போதும். மார்ச் 22-ஐ ஒட்டி மாடு மறுபடியும் பருவத்திற்கு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். வராவிட்டால் ஏப்ரல் 30-க்கும் மே 30-க்கும் இடையே, அதாவது 60 முதல் 90 நாட்களுக்குள், சினைப் பரிசோதனை செய்விக்க வேண்டும். சினை உறுதியானால் சுமார் 280 நாட்கள் கழித்து, டிசம்பர் 6-ஐ ஒட்டிக் கன்று ஈனும். அதற்கு 60 நாட்கள் முன்பாக, அக்டோபர் 7-இல், பால் கறப்பதை நிறுத்தி மடிக்கு ஓய்வு தர வேண்டும். பிறந்தது கிடேரியானால் அடுத்த ஆண்டு ஏப்ரல் 6-க்கும் ஆகஸ்டு 6-க்கும் இடையே புருசெல்லோசிஸ் தடுப்பூசி. எருமையானால் சினைக்காலம் சுமார் 310 நாட்கள் என்று கணக்கு மாறும்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை; பள்ளிக்கூடத்துக் கூட்டல்தான். ஒரு மாட்டிற்கு இதைச் சுவரில் கரிக்கோட்டால் எழுதி வைக்கலாம். ஆனால் 200 அங்கத்தினரும் 400 மாடுகளும் உள்ள ஒரு பால் சங்கத்தில், இந்த வாரம் எந்தெந்த மாட்டிற்குச் சினைப் பரிசோதனை, எதற்குப் பால் வற்றச் செய்யும் காலம், மூன்று ஊசி போட்டும் சினை பிடிக்காதது எது என்று நொடியில் பட்டியல் தர மனிதரால் ஆகாது. வீட்டளவில் நம்மிடம் இருப்பது இரண்டு மாடு. சங்க அளவில் நம்மிடம் இருப்பது ஒரு மந்தை. மந்தையாக நின்று பார்க்கும்போதுதான் கணிப்பொறியின் அருமை புலப்படும். சினை பிடிக்காத மாடுகள் முப்பதின் பட்டியலைச் சங்கம் கையில் வைத்திருந்தால், கால்நடை மருத்துவரை அழைத்து ஒரே நாளில் மலட்டுத்தன்மை நீக்க முகாம் நடத்தலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே அலைந்தால் அது நடவாது.

தீவனத்திலும் இவ்வாறே. மாட்டின் எடை, பால், கொழுப்பு, வீட்டில் உள்ள தீவனங்கள், அவற்றின் விலை ஆகியவற்றைச் சொன்னால், வேண்டிய சத்தைக் குறைந்த செலவில் தரும் கலவையை மென்பொருள் கணக்கிட்டுச் சொல்லும். வைக்கோலையே பெரிதும் நம்பியிருக்கும் வைகைப் பாசனத்து ஊர்களில் தாது உப்புக் குறைவு எளிதில் நேரக்கூடியது. பிண்ணாக்கைக் கூட்டுவதற்கு முன் ஒரு கை தாது உப்பையும் ஒரு கட்டுப் பசுந்தீவனத்தையும் சேர்க்கச் சொன்னால் செலவு குறைந்து பலன் கூடுவது உண்டு.

சந்திக்காத இரண்டு ஏடுகள்

இனி ஒரு குறையைச் சொல்ல வேண்டும். பல பால் சங்கங்களில் இன்று மின்னணுத் தராசும் பால் பரிசோதனைக் கருவியும் கணிப்பொறியோடு இணைந்திருக்கின்றன. அங்கத்தினரின் எண்ணைத் தட்டியதும் பாலின் அளவு, கொழுப்பு, கொழுப்பற்ற திடப்பொருள், விலை எல்லாம் சீட்டில் வந்துவிடுகின்றன. அளவில் சந்தேகமும் பட்டுவாடாவில் தகராறும் இதனால் குறைந்தன.

ஆனால் அந்தக் கணிப்பொறி அறிந்தது அங்கத்தினரை மட்டுமே, மாட்டை அன்று. வீட்டில் இரண்டு மாடுகளின் பாலும் ஒரே தூக்கில் கலந்து சங்கத்திற்கு வருகிறது. இன்று அரை லிட்டர் குறைந்தால், எந்த மாட்டில் குறைந்தது, மடிநோயின் தொடக்கமா, பருவத்தின் அடையாளமா என்று அது சொல்லாது. காது வில்லையைக் கொண்டு எழுதும் ஏடோ மாட்டை அறியும். ஆனால் அந்த மாடு எவ்வளவு கறக்கிறது என்பது எவரேனும் அளந்து எழுதினாலன்றி அதில் ஏறாது. ஒரு ஏட்டில் பால் இருக்கிறது, மற்றொன்றில் மாடு இருக்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை.

அவற்றைச் சந்திக்கச் செய்வது நம் கையில் இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள், காலையும் மாலையும், ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனித்தனியே லிட்டர் படியால் அளந்து குறித்து வைத்தால் போதும். ஒரு ஈற்றில் இவ்வாறு பத்து முறை அளந்ததன் கூட்டுத்தொகை 80 லிட்டர் என்றால் சராசரி நாளுக்கு 8 லிட்டர். 305 நாள் கறவைக்கு ஏறத்தாழ 2,440 லிட்டர். டென்மார்க்கில் 1895-இல் சங்கத்து ஆள் செய்த வேலை இதுவே. கிடேரியை வளர்ப்பதா விற்பதா என்று தீர்மானிக்கையில், அதன் தாய் கறந்த கணக்கைவிட நம்பத்தக்க சாட்சி வேறில்லை.

பார்த்தவர் வேறு, பதிந்தவர் வேறு

கணிப்பொறி பொய் சொல்லாது என்பார்கள். உண்மை, ஆனால் நாம் சொன்ன பொய்யையும் அது மெய்யென்றே வைத்துக்கொள்ளும். பத்து நாள் கழித்து நினைவிலிருந்து சொன்ன தேதி, விழுந்துபோன வில்லைக்குப் பதில் புதிய வில்லை மாட்டிப் பழைய எண்ணோடு இணைக்காமல் விட்டது, விற்ற மாடு இன்னும் பழைய உடையவர் பெயரில் நிற்பது: இவை போன்ற பிழைகள் மலிந்தால் ஏடு பயனற்றதாகிவிடும். ஏட்டுச் சுரைக்காய் என்ற பழிச்சொல் அப்பொழுதுதான் பொருந்தும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. விடியற்காலையில் தொழுவத்தைக் கூட்டி, சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, கறப்பவர் யார்? பெரும்பாலான வீடுகளில் பெண்களே. மாடு இரவில் கத்தியதையும், தீனியைத் தள்ளியதையும், வால் ஓரத்து வழும்பையும் முதலில் காண்பவர் அவர்களே. ஆனால் சங்கத்தில் அங்கத்தினராக இருப்பவர் பல வீடுகளில் கணவர். பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணும் அவருடையதே. அவர் வயலுக்கோ தறிக்கோ சந்தைக்கோ போயிருக்கும் வேளையில் நினைவூட்டும் செய்தி அவர் சட்டைப்பையில் கிடக்கிறது. பார்த்தவர் வேறு, பதிந்தவர் வேறு என்ற நிலையில் எத்தனை நுட்பமான மென்பொருளும் 21 நாளைக் காப்பாற்ற முடியாது.

ஆகவே நிர்வாகக் குழுவினருக்கு நாம் பணிந்து கூறுவன: மாட்டைப் பராமரிக்கும் பெண்களின் எண்ணையும் பதிவேட்டில் சேர்க்கும்படி கேட்டு வாங்குங்கள், பராமரிப்பவரையே அங்கத்தினராகச் சேர்க்க முன்வாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காக, அந்த வாரத்திற்குரிய பட்டியலைப் பால் ஊற்ற வரும் நேரத்தில் உரக்கப் படியுங்கள். சங்கப் பலகையிலும் எழுதிப் போடுங்கள். வில்லை விழுந்த மாடுகளையும் கைமாறிய மாடுகளையும் மாதம் ஒரு முறை கேட்டறிந்து கால்நடை நிலையத்திற்குத் தெரிவியுங்கள்.

அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது அதனினும் எளிது. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் மாட்டின் 12 இலக்க எண்ணை எழுதுங்கள். பருவம் கண்ட நாள், ஊசி போட்ட நாள், ஈன்ற நாள், மாதத்தில் ஒரு நாள் அளந்த பால் ஆகிய நான்கை மட்டும் தவறாமல் குறியுங்கள். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால் அவ்வேலையை அப்பிள்ளையிடம் ஒப்புவியுங்கள். ஊசி போட வருகிறவர் கைப்பேசியில் பதியும்போது அருகில் நின்று, அந்த நோட்டைப் பார்த்துத் தேதியைச் சொல்லுங்கள். அவர் பதிந்ததையும் ஒரு முறை படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கணிப்பொறிக்குக் கண்ணில்லை, தொழுவத்தில் நிற்பவர்களுக்கே கண் உண்டு. அவர்கள் கண்டதை அன்றன்றே எழுதி, சங்கத்தின் மூலம் ஒன்று சேர்த்தால், சிதறிக் கிடக்கும் நம் மாடுகள் ஒரு பெரிய பண்ணைக்குரிய பலனைத் தரும். மறதியால் வீணாகும் நாட்களை மீட்டு, ஆண்டுக்கொரு கன்றும் குறையாத பாலும் நம் இல்லங்களில் பெருகச் செய்வோமாக.